சொன்னால் போனைப் பிடுங்குவார்கள்

(திண்டிவனத்தில் பெற்றோர், ஆசிரியர் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழுப்புரத்திலிருந்து காலையிலேயே ரயிலேறி வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், மரக்காணம், மயிலம், ஒலக்கூர் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் என் வணக்கம். மகனும் மருமகளும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்துக்கொண்டிருக்கும் ஆயாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் வணக்கம். பின்வரிசையில் மாணவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேசப் போவது உங்களைப் பற்றித்தான். தப்பாக ஏதாவது சொன்னால் முடிந்ததும் வந்து என்னைத் திருத்துங்கள்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு இணையவழித் துன்புறுத்தல் என்று பத்திரிகையில் பெயர் எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "குரூப்ல வச்சு ஓட்டுறாங்க டீச்சர்" என்பார்கள். "ஃபேக் ஐடில என் போட்டோ போட்டுட்டாங்க" என்பார்கள். "ஸ்டேட்டஸ்ல வச்சு அசிங்கப்படுத்துறான்" என்பார்கள். இவர்களாவது சொல்கிற பிள்ளைகள். சொல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் ஏன் சொல்லவில்லை? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன்.

முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அந்தக் காலத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், ஒரு விஷயம்" என்றாள். ஆண்டு விழாப் படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் எடுத்து, வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி, பையன்கள் போனுக்குப் போன் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவள் சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உனக்கு எதுக்குடி போன்?"

அவளிடம் போனே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா காட்டித்தான் அந்தப் படத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

நான் அப்பாவைக் கூப்பிட்டேன். கடமையைச் செய்ததாகத்தான் நினைத்தேன். அப்பா வந்தார், தலையைக் குனிந்தபடி கேட்டார், மகளைக் கூட்டிக்கொண்டு போனார். திங்கட்கிழமை அவள் வரவில்லை. பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதினாள். பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை. படத்தைச் செய்த பையன்கள் பரீட்சை எழுதினார்கள், பாஸானார்கள், மேலே படிக்கப் போனார்கள். தப்புச் செய்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, படிப்பு நின்றது அவளுக்கு. அந்த வகுப்பிலிருந்த மற்ற பெண்பிள்ளைகள் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பாடம் படித்திருப்பார்கள்? நான் கரும்பலகையில் எழுதியது எதுவும் அவர்கள் மனதில் இன்று இருக்காது. இந்தப் பாடம் இருக்கும்: சொன்னால் படிப்பு போகும்.

கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு பிள்ளைக்குப் போனில் ஒரு கொடுமை நடந்தால், அது மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறது. சொன்னால் என்ன போகும்? சொல்லாவிட்டால் என்ன போகும்? சொன்னால் போன் போகும். சிநேகிதர்கள் போவார்கள். அடி விழலாம். பெண்பிள்ளையாக இருந்தால் பள்ளிக்கூடமே போகலாம், கல்யாணப் பேச்சு வரலாம். சொல்லாவிட்டால்? இன்றைக்கு ராத்திரி அழுவதோடு போகும். பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும், சொல்லுங்கள்! நம்மிடம் மறைக்கிற பிள்ளையைக் கள்ளத்தனம் உள்ள பிள்ளை என்று திட்டுகிறோமே, அது சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளை. கணக்கில் வருகிற எண்கள் நாம் வைத்த எண்கள். அந்த எண்களை மாற்ற வேண்டியவர்கள் நாம்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறை என்று நினைத்துவிட வேண்டாம். 2019இல் யுனிசெப் நிறுவனம் 30 நாடுகளில் இளம் வயதினரிடம் கேட்டது. மூன்றில் ஒருவர், ஆமாம், எனக்கு இணையத்தில் இந்தக் கொடுமை நடந்திருக்கிறது என்றார். ஐந்தில் ஒருவர் இதனாலேயே பள்ளிக்கூடம் போகாமல் இருந்திருக்கிறேன் என்றார். வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2016 ஜூன் மாதம், சேலம் மாவட்டம். படிப்பை முடித்த ஓர் இளம்பெண்ணின் படத்தை யாரோ மார்பிங் செய்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். தகப்பனார் காவல்துறைக்குப் போனார். நாட்கள் போயின, படம் போகவில்லை. புகாரைக் கவனிக்க வேண்டிய ஒரு காவலர் லஞ்சமாகச் செல்போன் கேட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, அவர் மேல் நடவடிக்கை வந்தது. அதற்குள் அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். தமிழ்நாடே அன்று காவல்துறையின் தாமதத்தைப் பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண் எழுதி வைத்த கடிதத்தில் இன்னொரு வருத்தமும் இருந்தது. நான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, என்னைப் பெற்றவர்களே என்னை நம்பவில்லையே என்ற வருத்தம்.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தேன், என் வாயிலும் அதே கேள்விதான் முதலில் வந்தது. நம் கையில் உள்ளது ஒன்று உண்டு. நம் வீட்டுப் பிள்ளை வந்து நிற்கும்போது முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கே, ஒன்றும் நடக்காத நாளிலேயே, தீர்மானித்து வைத்துக்கொள்ளலாம். நெருப்புப் பிடித்த பிறகு தண்ணீர்க் குடத்தைத் தேட முடியாது அல்லவா?

போன் வாங்கிக் கொடுத்ததே தப்பு என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினோமே, நினைவிருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகள் வகுப்புக்கு முறையாகத் திரும்பியது 2021 செப்டம்பரில். சின்னப் பிள்ளைகள் திரும்பியது நவம்பரில். இடையில் பாடம் எங்கே நடந்தது? கல்வித் தொலைக்காட்சியில் கொஞ்சம், போனில் நிறைய. கம்மலை அடகு வைத்து, ஆட்டை விற்று, போன் வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். படிக்கத்தான் கொடுத்தீர்கள். கொடுத்தது தப்பில்லை. கொடுத்துவிட்டு, அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்காமல் இருந்துவிட்டோம். அவ்வளவுதான்.

நாம் படித்த காலத்தில் கேலி இல்லையா? இருந்தது. பட்டப்பெயர் வைத்தார்கள், சுவரில் எழுதினார்கள், கரிக்கட்டையால் படம் போட்டார்கள். ஆனால் சாயங்காலம் மணி அடித்தது. பஸ் ஏறி, ஊர் வந்து, வீட்டுக்குள் நுழைந்தால் கேலி செய்தவன் அங்கே இல்லை. கரிக்கட்டை எழுத்தை வாத்தியார் சுண்ணாம்பு அடித்து மறைத்தார். இன்றைக்கு மணி அடிப்பதே இல்லை. அடுப்பங்கரையில், பாயில், தலையணைக்குக் கீழே, ராத்திரி பதினொன்றரை மணிக்கும் டிங் என்று ஒரு சத்தம். ஒரு செய்தி, அதற்குக் கீழே இருபது சிரிப்புப் பொம்மை. எழுதியவன் யார் என்று தெரியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தெரியாது. சுண்ணாம்பு அடிக்கச் சுவரும் கிடையாது. பக்கத்தில் படுத்திருக்கிற ஆயாவுக்குப் போனை எடுக்கவும் வைக்கவும் தெரியும். பேத்தி ஏன் போர்வைக்குள் அழுகிறாள் என்பது எப்படித் தெரியும்?

அந்த இருபது சிரிப்புப் பொம்மையிடம் இப்போது வருகிறேன். எழுதியவன் ஒருவன். சிரித்தவர்கள் இருபது பேர். சிரிக்காமலும் பேசாமலும் பார்த்துவிட்டுப் போனவர்கள் நாற்பது பேர். பிள்ளைக்கு வலிப்பது எதனால்? எழுதியவனால் மட்டுமா?

நம் மண்ணிலே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி இருக்கிறது. திரௌபதி அம்மனுக்கு ஆதிக்கோயில் அதுதான் என்று சொல்வார்கள். இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க, சித்திரை, வைகாசியில், அம்மனுக்குக் கொடி ஏற்றி, பகலில் பாரதம் படித்து, ராத்திரியில் கூத்து நடக்கும். அதிலே ஒரு ராத்திரிக்கு 'பகடை துயில்' என்று பெயர். சூதாடித் தோற்ற சபையில் பாஞ்சாலியின் சேலையைப் பிடித்து இழுக்கிற கூத்து. சின்ன வயதில் என் ஆயா மடியில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டம் வந்ததும் கூட்டத்தில் குழந்தை அழுகிற சத்தம்கூட நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவரே நடுங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சபையை இன்றைக்கு நினைத்துப் பாருங்கள். இழுத்தவன் ஒருவன். இழு என்றவன் ஒருவன். சிரித்தவர்கள் சிலர். மற்றவர்கள்? பீஷ்மர் இருந்தார். துரோணர் இருந்தார், அவர் வாத்தியார். கிருபர் இருந்தார், அவரும் வாத்தியார். பெரியவர்கள் பலரும் தரையைப் பார்த்தார்கள். இது நியாயமா என்று பாஞ்சாலி கேட்ட கேள்விக்கு அந்தச் சபையில் பதில் வரவில்லை. அந்தக் கூட்டத்தில், கௌரவர்கள் பக்கத்திலிருந்தே எழுந்து, இது அநியாயம் என்று சொன்னவன் ஒருவன் உண்டு. துரியோதனனின் தம்பி விகர்ணன். சின்னவன். அவனை என்ன சொன்னார்கள்? நீ சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும், உட்கார் என்றான் கர்ணன்.

வாட்ஸ்அப் குரூப் என்பது ஒரு சபை. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற சபை. அதிலும் அட்மின் என்று ஒருவன் இருக்கிறான். அதிலும் ஒருவன் இழுக்கிறான், ஒருவன் இழு என்கிறான், பலர் தரையைப் பார்க்கிறார்கள். ஆயாவும் அம்மாவும் ஆண்டுதோறும் பாரதக் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய அந்தச் சபையைப் பிள்ளைகள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தோமா?

பின்லாந்து என்று வடக்கே ஒரு குளிர் தேசம். அங்கே துர்க்கு பல்கலைக்கழகத்தில் 'கிவா' என்று ஒரு பள்ளித் திட்டத்தை உருவாக்கினார்கள். அதன் அடிப்படை ஒன்றுதான்: துன்புறுத்துகிறவனைத் திருத்துவதோடு நிற்காதே, வேடிக்கை பார்க்கிற வகுப்பைத் திருப்பு. வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பதை நிறுத்தினால் துன்புறுத்துகிறவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கூலி நின்றுவிடுகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து கண்டதைத்தான் செஞ்சிப் பக்கத்துக் கூத்தில் விகர்ணன் எழுந்து நின்று காட்டுகிறான்.

பின்வரிசைப் பிள்ளைகளே, விகர்ணனாக இருக்க மல்யுத்தம் தெரிய வேண்டியதில்லை. குரூப்பில் சண்டை போட வேண்டாம். போட்டால் அடுத்த குறி நீங்களாகலாம். சிரிப்புப் பொம்மை போடாதீர்கள். வந்ததை அடுத்த குரூப்புக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள்: "பார்த்தேன். தப்பு உன் மேல இல்ல. நாளைக்கு என் பக்கத்துல உட்காரு." அப்புறம் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். காட்டிக்கொடுப்பது என்று யாராவது சொல்வார்கள். கிணற்றில் விழுந்தவனுக்காகக் கூப்பாடு போடுவதை யாரும் காட்டிக்கொடுப்பது என்று சொல்ல மாட்டார்கள்.

ஆசிரியர்களே, என் இனத்தவரே, இனி உங்களிடம். பிள்ளைகளின் சபையைப் பேசினேன். நம்முடைய சபையைப் பேச வேண்டாமா? வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கடைசி மார்க் எடுத்தவன் பேரைப் போட்டது யார்? வீட்டுப்பாடம் செய்யாமல் நின்ற பிள்ளையைப் படம் பிடித்து, "பெற்றோர் கவனத்திற்கு" என்று அனுப்பியது யார்? தப்புத் தப்பாகப் படிக்கிற ஒன்றாம் வகுப்புக் குழந்தையை வீடியோ எடுத்து, வேடிக்கையாக இருக்கிறது என்று ஸ்டேட்டஸில் வைத்தது யார்? அதை ஊரெல்லாம் பார்த்துச் சிரிக்கிறது. வளர்ந்து பத்தாம் வகுப்பு வரும்போது அந்த வீடியோவைத் தோண்டி எடுத்து இன்னொரு பிள்ளை குரூப்பில் போடுகிறது. அழுகிற குழந்தையை வீட்டில் படம் பிடிக்கிற பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருவரை அவமானப்படுத்திச் சிரிக்கலாம் என்ற பாடத்தைப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் படிப்பதற்கு முன்பே நம்மிடம் படித்துவிடுகிறார்கள். எனக்கு இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

சரி. ஒரு பிள்ளை வந்து நிற்கிறது. "அம்மா, ஒரு விஷயம்." என்ன செய்ய வேண்டும்?

அடுப்பை அணையுங்கள். உட்காருங்கள். முழுதாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் மூன்று வார்த்தை: "நல்லவேளை, எங்கிட்ட சொன்னே." ஏன் போட்டோ அனுப்பினாய், ஏன் அவனோடு பேசினாய் என்கிற விசாரணை எல்லாம் பிறகு. ஒருவேளை பிள்ளையே புத்தியில்லாமல் ஒரு படத்தை நம்பி அனுப்பியிருக்கும். அனுப்பியது அறியாமை. அதை வைத்து மிரட்டுவது குற்றம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். படிப்பை நிறுத்தாதீர்கள். இவை இரண்டும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய வாக்கு. முடிந்தால் இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே கொடுங்கள்: "போன்ல எது நடந்தாலும் சொல்லு. சொன்னதுக்காக உன்கிட்ட இருந்து எதையும் பிடுங்க மாட்டோம்." பள்ளியிலும் தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் இதையே சொல்லலாம்.

அடுத்தது, அழிக்காதீர்கள். அவமானத்தில் எல்லாவற்றையும் டெலீட் செய்துவிடத் தோன்றும். ஆதாரம் அதோடு போய்விடும். திட்டு, மிரட்டல் இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கணக்கின் பெயர், அந்தப் பக்கத்தின் முகவரி, தேதி, நேரம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்தச் செயலியிலேயே ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்யுங்கள்.

இங்கே ஆசிரியர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று. அது ஒரு குழந்தையின் ஆபாசப் படமாக இருந்தால், ஆதாரத்துக்காக என்றுகூட அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். ஆசிரியர் குரூப்பில் "இதைப் பாருங்கள்" என்று போடவே போடாதீர்கள். அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பது குற்றமா என்று நம் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றமாகும் என்று தீர்ப்புச் சொல்லி, குற்றமில்லை என்றிருந்த சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. படம் இருக்கிற போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள். முகம் மட்டும்தானே அவளுடையது, உடம்பு வேறு யாருடையதோ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. 2019இல் திருத்திய போக்சோ சட்டம், ஒட்டுவேலை செய்து குழந்தை போலத் தோன்றும்படி மாற்றிய படத்தையும் சேர்த்தே பிடிக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றே இந்த ஒட்டுவேலையைச் சில நொடியில் செய்துவிடுகிறது. அந்தச் செயலியை அழுத்தும் பையனுக்குத் தான் செய்வது என்னவென்று தெரிவதில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எங்கே போவது? விழுப்புரத்தில் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. பக்கத்திலுள்ள மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. காவல் நிலைய வாசலை மிதிக்க வேண்டுமே என்று தயங்குகிற தாய்மார்களுக்கு ஒரு விஷயம். போக்சோ சட்டப்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே வந்து எழுதிக்கொள்ளலாம். கூடியவரை பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. உங்கள் பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகை போடக் கூடாது. கேட்டு வாங்குங்கள், இது சலுகை அல்ல.

நேரில் போக முடியாதவர்களுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் அதில் பதியலாம். 1930 என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள். அது முக்கியமாகப் பணம் போனவர்களுக்கு. பிள்ளைகளுக்கு 1098. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. மனசு தாங்காமல் தவிக்கிற பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையைப் பார்த்துத் தவிக்கிற பெற்றவர்களுக்கும் 14416, ராத்திரி எந்நேரமும் பேசலாம். பிள்ளை "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், அன்று ராத்திரி தனியாக விடாதீர்கள். பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் அந்தரங்கப் படம் பரவுவதைத் தடுக்க 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவையை அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் எடுத்து, அந்த எண்ணை மட்டும் அனுப்புகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அந்தக் கைரேகையை வைத்துப் படத்தைத் தேடி நீக்குகின்றன. படம் உலகமெல்லாம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பிள்ளையை மிரட்டுகிறார்கள் அல்லவா? செய்ய முடியும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு ஒன்று. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பாலியல் கொடுமையை மூடி வைத்தால் அதுவே குற்றம். போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட வைத்த 'மாணவர் மனசு' பெட்டி பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை வாசலிலேயே தொங்குகிறது. எந்தப் பிள்ளை அங்கே, எல்லோரும் பார்க்க, சீட்டுப் போடும்? பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகிற பக்கம் மாற்றி வையுங்கள்.

புகார் வாங்கியதோடும் வேலை முடியவில்லை. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உடன்படிக்கிற பையன்களின் கொடுமை தாங்காமல் ஒரு மாணவன் பள்ளிக்கே வராமல் இருந்தான். கூப்பிட்டுக் கேட்டார்கள், புகார் சொன்னான். அந்த ராத்திரியே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். போனில் நடந்த கொடுமை அல்ல அது, சாதி. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளின் ஸ்டேட்டஸைப் பாருங்கள். போனிலும் சாதிதான் பாதி வேலை செய்கிறது. பாட்டாக வைக்கிறார்கள், கொடியின் நிறமாக வைக்கிறார்கள், அடுத்த தெருப் பிள்ளையைக் குத்துகிற மாதிரி வைக்கிறார்கள். புகார் சொன்ன பிள்ளையின் பெயரைச் சபையில் சொல்லாதீர்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திக் கை குலுக்கச் சொல்லாதீர்கள். அடுத்த ஒரு மாதம் அந்தப் பிள்ளை எந்த பஸ்ஸில் போகிறது, யாரோடு சாப்பிடுகிறது என்று ஒரு டீச்சர் கண் வைத்திருக்க வேண்டும்.

துன்புறுத்திய பையன்? அவனும் நம் பிள்ளை. இந்த அரங்கில் உள்ள பெற்றோரில் சிலருடைய பிள்ளை அவனாகத்தான் இருப்பான், அதை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். "என் பையன் அப்படிச் செய்யவே மாட்டான்" என்று பள்ளிக்கு வந்து சண்டை போடாதீர்கள். டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் அடுத்த பள்ளியில் அதே வேலையை இன்னும் சாமர்த்தியமாகச் செய்வான். செய்ததை அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும். போட்டதை அவன் கையால் எடுக்க வைக்க வேண்டும். யாருக்கெல்லாம் அனுப்பினானோ அவர்களிடமெல்லாம் அழிக்கச் சொல்ல வேண்டும். குற்றம் பெரிதாக இருந்தால் சிறார் நீதிக் குழுமம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். நடுரோட்டில் அவனை அடிக்கவும் வேண்டாம், அந்த அடியை வீடியோ எடுக்கவும் வேண்டாம்.

வீட்டுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாப் போனும் கூடத்தில், ஒரே இடத்தில், சார்ஜில் இருக்கட்டும். பிள்ளைகள் போன் மட்டும் இல்லை. அப்பா போனும், அம்மா போனும். நாம் வைக்காமல் அவர்களை மட்டும் வைக்கச் சொன்னால் அது தண்டனை. எல்லோரும் வைத்தால் அது வீட்டு வழக்கம்.

பேசி முடித்துவிட்டேன். இந்த மேடைக்குக் கீழே மேசையில் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். மாணவர்கள் யாராவது எழுத நினைத்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், பள்ளி வேண்டாம். பேச நினைத்தால் அதோ அந்தத் தூண் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். யாரும் படம் பிடிக்க மாட்டார்கள், யார் வீட்டுக்கும் நான் போன் செய்து தகவல் சொல்ல மாட்டேன். யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும், உங்களிடம் சொல்லிவிட்டு, உங்களோடு சேர்ந்தேதான் அடுத்தவரிடம் போவேன். மரக்காணம் போகிற கடைசி டவுன் பஸ் கிளம்பும்வரை நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.